எண் இல்லாத சர்க்குலர்

கொய்யாத் தோட்டம்,
மேலூர் ரோடு,
12-6-1983

திரு. ஜேசுராஜ் அவர்களுக்கு,

பட்டாபிராமன் எழுதுவது. எட்டு வருஷத்துக்குப் பிறகு இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப்போடத் தோன்றினால் தாராளமாகக் கிழிக்கலாம். ஆனால் விஷயம் துப்பாக்கி சம்பந்தமானது. அதனால் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நாக்பூர் ஆபீசில் போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, முன்கூட்டியே ஓய்வு பெற்று, சித்திரையில் ஊர் திரும்பினேன். ஒத்தக்கடை தாண்டி மேலூர் போகும் வழியில் எங்கள் கல்யாணத்தின்போது ஜானுவுக்கு அவள் அப்பா எழுதிவைத்த கொய்யாத் தோட்டம் இருக்கிறதல்லவா, அங்கேதான் வாசம். ஓடு போட்ட ஒரு அறை, ஒரு கிணறு, நான்.

காய் பழுக்கும் முன்னால் வௌவால் வந்துவிடுகிறது. காலையில் போய்ப் பார்த்தால் பாதி தின்ற பழங்கள் மரத்தடியில் கிடக்கின்றன. துப்பாக்கி இல்லாமல் முடியாது என்று தோன்றுகிறது. கலெக்டர் ஆபீசில் ஒரு ரைபிள்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது என் முன்னால் இரண்டு இருக்கின்றன. ஒன்று, தாங்கள் அறிந்த பழையது. நான் வடக்கே போனபோது டவுனில் துப்பாக்கிக் கடைக்காரரிடம் பாதுகாப்பில் விட்டது, இன்னும் அங்கேயே இருக்கிறது. இன்னொன்று, அதே கடையில் விற்பனைக்கு வந்திருக்கும் சின்ன ரைபிள். அதுவும் பாயின்ட் டூ டூ, அதுவும் போல்ட் இழுத்துச் சுடுவதுதான். எடை ஆறரை பவுண்டு. பழையது பதினோரு பவுண்டு. தோட்டத்துக்கும் ஆக வேண்டும், பிற்பாடு ரைபிள் கிளப்புக்குப் போனால் டார்கெட்டுக்கும் ஆக வேண்டும். எதை வைத்துக்கொள்வது? மதுரையில் இந்த இரண்டையும் பற்றிச் சொல்லத் தெரிந்தவர் தாங்கள் ஒருவர்தான்.

இன்னொரு சிறு விஷயம். பழையதன் போல்ட் தங்களிடம் இருக்கிறது. தோட்டாவைத் தள்ளி அடிக்கும் அந்தத் துண்டு இல்லாமல் அந்த ரைபிள் வெறும் இரும்புக் குழாய் என்பது தங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
த. பட்டாபிராமன்


மிஷன் காம்பவுண்டு,
மதுரை,
17-6-1983

பட்டாபி சாருக்கு ஜேசுராஜின் ஸ்தோத்திரம்.

'தாங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரி அற்புதமேரி மட்டும் முறம் வைத்துக்கொண்டு நின்றாள்.

வௌவாலுக்குத் துப்பாக்கியா? யாரிடம் கேட்கிறீர்கள்? மரத்தைப் பார்த்து மேலே சுட்டால் அந்தத் தோட்டா ஒரு மைல் போய் எவன் வீட்டு ஓட்டில் இறங்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? நம் பக்கம் ஒரே வெட்டவெளி. தடுக்க ஒரு மண்மேடு கிடையாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விரலை டிரிகரில் வைக்காதே என்று, கிளப்பில் நான் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது பக்கத்தில் நின்று சொன்னவர் நீங்கள். வௌவாலுக்கு வலை போடுங்கள். மீன் வலை கிழிசல் இருந்தாலும் போதும்.

இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. சின்னது தோளில் போட்டு நடக்கத் தோதானது. முதல் தோட்டா வைத்த இடத்தில் விழும். குழல் மெலிசு என்பதால் பத்துப் பன்னிரண்டு சுட்டதும் சூடேறி, குறி மேலே ஏற ஆரம்பிக்கும். பெரியது அப்படி இல்லை. தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்தால் இடுப்பு ஒடியும், ஆனால் மணல் மூட்டையில் சாய்த்துப் படுத்துவிட்டால் கடைசித் தோட்டாவும் முதல் தோட்டா போன ஓட்டைக்குள்ளேயே போகும். ஜானு அம்மா பின்னால் உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்து, தோட்டா பட்ட திசையைக் கடிகார மணியில் சொல்வார்களே, நாலு மணி, ஏழு மணி என்று. நடுப்புள்ளியில் பட்டால் எல்லாரும் போல இங்கிலீஷில் 'புல்ஸ் ஐ' என்று சொல்ல மாட்டார்கள், காளையைத் தமிழாக்கி "மாடு" என்பார்கள். அந்தத் துப்பாக்கியில் ஒரு நாள் வரிசையாக ஒன்பது மாடு விழுந்தது.

போல்ட் பத்திரமாக இருக்கிறது. சனிக்கிழமை தோறும் எண்ணெய் போடுகிறேன்.

ஜேசுராஜ்


மேலூர் ரோடு,
25-6-1983

திரு. ஜேசுராஜ் அவர்களுக்கு,

விவரமான பதிலுக்கு நன்றி. வலை விஷயம் சரிதான். என் மூளை எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஆனால் நரித் தொல்லையும் இருக்கிறது. கிணற்றுக்குக் கீழ்ப்புறம் கடலைக் காட்டை நரி தோண்டிப் போடுகிறது. விடியும் நேரத்தில் வரும். அதற்குத் துப்பாக்கி வேண்டும் என்பதில் தங்களுக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. தாங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் சின்னதே போதும் போலிருக்கிறது. அதற்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். மனு தள்ளுபடியானால் பழையதைத்தான் திரும்ப எடுக்க வேண்டும். எதற்கும் போல்ட் என் கையில் இருப்பது நல்லது. தபாலில் அனுப்ப வேண்டாம், சட்டப்படி தப்பு. தோட்ட வேலைக்கு வரும் பேச்சிமுத்து சனிக்கிழமை டவுனுக்கு வருகிறார். அவரிடம் ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தால் போதும்.

எட்டு வருஷம் வைத்திருந்தது போதாதா? இதைக் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதிவிட்டேன், அடிக்கவும் மனம் வரவில்லை.

த. பட்டாபிராமன்


மதுரை,
4-7-1983

பட்டாபி சாருக்கு,

பேச்சிமுத்து வந்தார். காப்பி கொடுத்து வெறுங்கையோடு அனுப்பினேன். கோபம் வந்திருக்கும். வரட்டும்.

அவரிடம் நாலு வார்த்தை பேசிக்கொண்டிருந்தேன். கடலை எப்படி வந்திருக்கிறது என்று கேட்டேன். "கடலையா? ஆடி பொறந்துதான் வெதைக்கணும் சார், இன்னும் உழவே இல்லையே" என்றார். விதைக்காத கடலையை எந்த நரி தோண்டுகிறது? முதலில் வௌவால் என்றீர்கள், இப்போது நரி என்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் புலி வந்தாலும் வரும்.

ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உலை வைக்கிறீர்களாமே. பொழுது சாயும் வரை கிணற்று மேட்டில் உட்கார்ந்திருக்கிறீர்களாமே. கூட யாராவது வந்து போகிறார்களா?

எந்த ரைபிள் என்று கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. இப்போது சொல்கிறேன். நரிக்கு ஒரு தோட்டா போதும். டார்கெட்டுக்கு அறுபது வேண்டும். ஒரு தோட்டாவுக்கு என்றால் சின்னது. அறுபதுக்கு என்றால் பெரியது. உங்களுக்கு எது வேண்டும் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள்.

ஜேசுராஜ்


மேலூர் ரோடு,
16-7-1983

திரு. ஜேசுராஜ்,

என் சமையலைப் பற்றி வேலைக்காரரிடம் விசாரிக்கத் தங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

நேற்று கிளப்புக்குப் போனேன். 1975 ஜனவரியில், ஜானுவின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், தாங்கள் என்னிடம் ஒரு விதி சொன்னீர்கள். பஸ்ஸில் போகும்போது முழுத் துப்பாக்கி ஒருவர் கையில் இருக்கக் கூடாது, ரைபிள் ஒருவரிடமும் போல்ட் இன்னொருவரிடமும் இருக்க வேண்டும், ரேஞ்சில் போய்த்தான் சேர்க்க வேண்டும், வீட்டிலும் அப்படியே பிரித்து வைக்க வேண்டும், கிளப்பில் சர்க்குலர் வந்திருக்கிறது என்றீர்கள். நான் ஆபீஸ்காரன். சர்க்குலர் என்றால் கேள்வி கேட்கத் தெரியாதவன். அன்று முதல் என் போல்ட்டைத் தங்கள் சட்டைப் பையில் ஒப்படைத்தேன்.

செக்ரெட்டரி எல்லாக் கோப்பையும் எடுத்துப் போட்டார். அந்த வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை நானே ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். அப்படி ஒரு சர்க்குலர் கிடையாது. அதன் எண்ணும் தேதியும் தெரிவிக்கவும்.

செப்டம்பர் 14 அன்று என்ன நடந்தது என்பதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்லி போட்டிக்கு ஆள் பொறுக்கும் நாள். ரைபிளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். தாங்கள் கை வீசிக்கொண்டு வந்து, போல்ட் பீரோவில் இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது என்றீர்கள். அதன் பிறகு நான் போட்டிக்கே போகவில்லை.

கிளப்பில் தங்களைப் பற்றியும் பேச்சு வந்தது. அந்த நாளுக்குப் பிறகு தாங்களும் அங்கே கால் வைக்கவில்லையாம். பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நின்றுபோயிற்றாம். காரணம் நான் கேட்கவில்லை.

த. பட்டாபிராமன்


மதுரை,
20-7-1983

பட்டாபி,

சர்க்குலருக்கு எண் கிடையாது, தேதி கிடையாது. அதை எழுதியவன் நான். எழுதக்கூட இல்லை, வாயால் சொன்னேன். உங்களை எனக்குத் தெரியும். "வேண்டாம், பயமாக இருக்கிறது" என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவீர்கள். சர்க்குலர் என்று சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் கையில் எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள். அப்படியே கொடுத்தீர்கள்.

ஜானு அம்மா போன பிறகு நீங்கள் சரியாக இல்லை. ரேஞ்சில் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் திரும்பிப் பார்ப்பீர்கள், மணி சொல்ல ஆள் இருக்கிறதா என்று. வீட்டுக்குப் போனால் தனி ஆள், சுவரில் துப்பாக்கி. எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் அந்தச் சர்க்குலரை உண்டாக்கினேன். ஒரு பாவமும் அறியாத கிளப் செக்ரெட்டரி பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன். ஆண்டவர் மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் பதிமூன்றாம் தேதி சாயங்காலம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஜானு அம்மா குறித்து வைத்த ஸ்கோர் நோட்டை என் கையில் கொடுத்து, "இது ஒம்மகிட்டயே இருக்கட்டும் மாஸ்டர்" என்றீர்கள். சரி என்று வாங்கி வைத்தேன். நீங்கள் தெருமுனை திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எந்தத் தூரத்துக்குக் குறி பார்க்கும் சைட்டை எத்தனை திருகு திருக வேண்டும் என்பதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. அது இல்லாமல் ஒருவன் விடிந்தால் டெல்லிப் போட்டிக்கு ஆள் எடுக்கும் இடத்துக்குப் போவானா? மறுநாள் சாவி தொலைந்தது என்றேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் கிளப் ஆட்கள் எல்லாரும் நிற்க, நீங்கள் சொன்னது எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. "ஒமக்குச் சொந்தமா ஒரு துப்பாக்கி கெடையாது. அந்த வயித்தெரிச்சல், வேறென்ன?" அற்புதமேரி கேள்விப்பட்டு, "அம்புட்டுப் பேரு முன்னாடி அப்படிச் சொல்லியிருக்காரு, கல்லு மாதிரி நின்னுட்டு வாரீகளே" என்று அழுதாள். என்ன சொல்ல முடியும்? நினைத்ததை அங்கே சொன்னால் ஊர் உங்களை வேறு மாதிரி பார்க்கும். தப்பாக நினைத்திருந்தால் அதைவிட அசிங்கம். பொறாமைக்காரன் என்ற பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று வந்துவிட்டேன். பெயர் மட்டும் இருந்துவிட்டுப் போகவில்லை. பிள்ளைகள் முன்னால் போய் நிற்க எனக்கு வெட்கமாகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அது வலித்தது. இன்னும் வலிக்கிறது.

நான் நினைத்தது தப்பா, சரியா? எட்டு வருஷமாக எனக்குத் தெரியாது. நாக்பூரிலிருந்து ஒரு வரி வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்போது மறுபடியும் தனியாக இருந்துகொண்டு, இல்லாத நரிக்குத் துப்பாக்கி கேட்கிறீர்கள். நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்கள்.

ஜேசுராஜ்


ஒத்தக்கடை பஸ் ஸ்டாப்,
14-8-1983

பட்டாபி,

இருபத்தைந்து நாளாகப் பதில் இல்லை. ஞாயிறு ஆராதனைக்குக்கூட நிற்காமல் மேலூர் பஸ்ஸில் ஏறி உங்கள் தோட்டத்துக்கு வந்தேன். அறை பூட்டியிருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த செல்லத்தாய் என்ற அம்மாவிடம் கேட்டேன். "நேத்தே மதுரைக்குப் போயிட்டாரு சார். துப்பாக்கிக் கடைக்குப் போறேன்னாரு. எப்ப வாராருன்னு சொல்லல" என்றாள்.

கிணற்று மேட்டில் மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். எனக்கு இப்போது சர்க்கரை, இடது கண்ணில் பார்வை போய்விட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரும் நீங்களாகவே தெரிந்தார்கள். இந்தக் கார்டை பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் வைத்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும்.

ஒரு வரி போதும். பெரியதா சின்னதா என்றெல்லாம் சொல்ல வேண்டாம். இருக்கிறேன் என்று எழுதினால் போதும்.

ஜேசுராஜ்


மேலூர் ரோடு,
17-8-1983

ஓய் மாஸ்டர்,

இருக்கிறேன்.

மூன்று நாள் டவுனில் தங்க வேண்டியதாயிற்று. வந்து பார்த்தால் கதவிடுக்கில் உம்முடைய கார்டு. கிணற்று மேட்டில் பீடித் துண்டு எதுவும் கிடக்கவில்லை. அதையும் விட்டுவிட்டீர் போலிருக்கிறது. கண் விஷயத்தை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர். அதை நான் பத்துத் தடவை படித்தேன்.

உம்முடைய ஜூலைக் கடிதத்துக்கு ஏன் பதில் எழுதவில்லை என்று சொல்கிறேன். எழுதி எழுதிக் கிழித்தேன். பொய்யாக எழுதினால் கை சரளமாக ஓடுகிறது, நிஜத்தை எழுதினால் நின்றுவிடுகிறது.

சரியா தப்பா என்று கேட்டிருந்தீர். உமக்குத் தெரிந்தது அந்த நோட்டு மட்டும்தான். அன்றைக்கு என் தோட்டாப் பெட்டியை நீர் திறந்து பார்க்கவில்லை. போட்டிக்கு அறுபது தோட்டா வேண்டும். என் பெட்டியில் இருந்தது ஒன்று.

நீர் சரி, மாஸ்டர்.

நான் ரேஞ்சுக்குப் போவதாகவே இல்லை. பஸ்ஸில் உம்மிடம் போல்ட்டை வாங்கிக்கொண்டு ஏதாவது சாக்குச் சொல்லி நடுவழியில் இறங்கிவிடலாம் என்று இருந்தேன். சாவி தொலைந்தது என்று நீர் சொன்னதும் எனக்குத் தெரிந்துவிட்டது, உமக்குத் தெரிந்துவிட்டது என்று. அந்த வெட்கம் தாங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் யாராவது ஒருத்தர் தலை குனிய வேண்டும் என்றால் அது நானாக இருக்கக் கூடாது என்று உம்மைத் தள்ளிவிட்டேன். பொறாமை என்று சொன்னபோதே அது பொய் என்று எனக்குத் தெரியும். ஊர் நம்பிவிட்டது. நானும் நாக்பூரில் உட்கார்ந்து எட்டு வருஷம் அதை நம்பப் பார்த்தேன். கடைசி வரை முடியவில்லை. கிளப்பில் அந்தப் பெண்பிள்ளைகள் இப்போது யாரிடமும் கற்றுக்கொள்வதில்லையாம். அதுவும் என்னால்தான். இதற்கு மன்னிப்புக் கேட்டால் போதுமா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

வௌவாலும் நரியும் உமக்குக் கடிதம் எழுத ஒரு சாக்கு. துப்பாக்கி என்றால்தான் நீர் பதில் போடுவீர். அது பாதி நிஜம். மீதிப் பாதியை உம்மிடம் மறைக்க முடியாது. சில நாள் காலையில் எழுந்திருக்கும்போது அந்தச் செப்டம்பர் போலவே இருக்கிறது. நான் கேட்ட கேள்வியில் எந்தப் பாதி எது என்று எனக்கே தெரியவில்லை.

துப்பாக்கிக் கடையில் அந்தச் சின்ன ரைபிளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அழகான சாமான். போல்ட் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. தோளில் வைத்தால் எடையே தெரியவில்லை. முழுசாக இருந்தது, மாஸ்டர். அதனால்தான் வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை சுதந்திர தினம், கலெக்டர் ஆபீஸ் விடுமுறை. ஒரு நாள் கூடத் தங்கி, மறுநாள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கடைக்குப் போய்ப் பழையதை எடுத்து வந்துவிட்டேன். பதினோரு பவுண்டு, உண்மையிலேயே இடுப்பு ஒடிகிறது. துடைத்துச் சுவரில் சாய்த்திருக்கிறேன். குழல் வழியே பார்த்தால் வெளிச்சம் தெரிகிறது.

போல்ட் உம்மிடமே இருக்கட்டும். பேச்சிமுத்து வந்து கேட்டாலும் கொடுக்காதீர். நானே எழுதிக் கேட்டாலும் கொடுக்காதீர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பஸ் ஏறினால் பத்தரைக்கு இங்கே இறங்கலாம். இனிமேல் தனியாக வர வேண்டாம், அற்புதமேரியையும் அழைத்து வாரும். அவளுக்கும் நான் ஒரு மன்னிப்பு பாக்கி. கிழக்குப் பக்கம் பழைய கிணற்று மண் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது, தோட்டா அதைத் தாண்டிப் போகாது. போலீஸ் ஸ்டேஷனிலும் போய்க் கேட்டுவிட்டேன். போல்ட்டை நீர் கொண்டு வாரும். சுட்டு முடித்ததும் கழற்றி நீரே எடுத்துக்கொண்டு போம். இதற்கு எண்ணும் தேதியும் போட்டு நானே ஒரு சர்க்குலர் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளும்.

அந்த ஸ்கோர் நோட்டையும் எடுத்து வாரும். ஜானுவின் எழுத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. பின்னால் உட்கார்ந்து மணி சொல்ல உமக்கு ஒரு கண் போதும்.

ஐம்பது உள்ள ஒரு பெட்டியும் பத்து உதிரியுமாக வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், அறுபது இருக்கிறது.

பட்டாபி